தாய்வீடு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது

புனேயிலிருந்து லோணாவளா போகும் உள்ளூர் ரயிலில் தேஹு ரோடு, பேக்டேவாடி, கோராவாடி தாண்டினால் தளேகாவ். பிழைப்புக்காக இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், ஒரு வீட்டு பால்கனியில், திருகை ஒன்று கிடக்கிறது. அதன் மேல் துளசித் தொட்டி. அந்த வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, மாவள் தாலுகாவின் மலையோர ஊர் ஒன்றிலிருந்து மகனோடு இங்கே குடிவந்தபோது கூடவே கொண்டுவந்த கல் அது. அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் தொட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திருகையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மஞ்சள் அரைக்க வேண்டும். அரைக்கும்போது பாட வேண்டும். பாடத் தெரிந்தவர் ஆஜிதான்.

அப்படி அவர் பாடிய ஒரு பாட்டைத் தமிழாக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். என்னுடையது கடைத்தெரு மராத்தி. காய்கறி வாங்கப் போதும், கவிதைக்குப் போதாது. ஆஜியின் பேத்தி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். அதை வைத்துக்கொண்டு தமிழில் எழுதினேன். பெண் ஒருத்தி தன் அம்மாவின் வீட்டுக்குப் போகும் வழியை நினைத்துக்கொள்கிறாள் என்று வந்தது. பொருளில் பிழை இல்லை. ஆனால் ஆஜி பாடியபோது எனக்குத் தொண்டை அடைத்ததே, அது இந்த வரிகளில் இல்லை. மறுபடி அவரிடம் போய் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அம்மாவின் வீடு என்று நான் எழுதிய இடத்தில் அவர் ‘மாஹேர்’ என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு, ‘ஸாஸர்’ இல்லையா, அதற்கு எதிர்ப்பக்கம் என்று மலைப்பக்கமாகக் கையைக் காட்டினார்.

மாஹேர் என்றால் தாய்வீடு. ஸாஸர் என்றால் புகுந்த வீடு. இவ்வளவுதான். தாய்வீடு என்று சொல்லிப் பாருங்கள். தீபாவளிச் சீர், அழைத்துப்போக வரும் அண்ணன், அண்ணி முகம் கோணாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை, திரும்பிவரும் நாளின் கனம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. மராத்திப் பெண்ணுக்கும் அதுவேதான். தீபாவளியை ஒட்டி வரும் பாவுபீஜ் நாளில் உடன்பிறந்தவன் கையால் வாங்கும் சேலைக்காக அவள் வருடம் முழுவதும் காத்திருக்கிறாள். நம் நாத்தனார் அங்கே நணந்த். நம் திருகை அங்கே ஜாத்தே. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு மொழிகளுக்கு நடுவே நான் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். தாய்வீடு அம்மாவின் வீடாகிப் போயிற்று.

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இந்திய மொழிக் கவிதை ஒன்று இன்னோர் இந்திய மொழிக்கு வரும்போது ஆங்கிலத்தில் குளித்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதோடு, மக்கள் கூடிப் பாடிய பாட்டை மொழிபெயர்க்கவும் மக்கள் கூடியே உட்கார வேண்டும். தனி அறையில் ஓர் ஆளும் ஓர் அகராதியும் போதாது.

திருகையில் மாவு அரைக்கும்போது பெண்கள் பாடும் பாட்டுக்கு மராத்தியில் ஓவி என்று பெயர். பூக்கோப்பது போலக் கோப்பது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து, கேழ்வரகையோ சோளத்தையோ மேல்கல்லின் குழியில் பிடிபிடியாகப் போட்டு, மரமுளையைப் பிடித்துச் சுற்றுவார்கள். எதிரெதிரே இருவர் உட்கார்ந்தால் சுற்று எளிதாகும். ஒருத்தி ஓரடி எடுப்பாள், மற்றவள் வாங்கிப் பாடுவாள். பெரும்பாலும் இரண்டே அடி. கல்லின் சுற்றுக்கு ஏற்றபடி நீளும், மடங்கும், திரும்ப வரும். மாமியார் இன்னும் எழுந்திருக்கவில்லை, கணவனும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அவள் வாயை யாரும் அடைக்க முடியாது. பகலில் சொல்ல முடியாத எல்லாமே அப்போது வெளியே வரும்.

இந்தப் பாட்டுகளைச் சேர்த்து வைத்தவர்கள் புனேயில் இருந்தார்கள். ஹேமா ராயிர்கரும், பிரான்ஸில் பிறந்து மகாராஷ்டிரத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட கீ புவாத்வேனும். 1980இல் இருவரும் சேர்ந்து ஒரு சமூக அறிவியல் ஆய்வு மையத்தை அங்கே தொடங்கினார்கள். முள்சி, மாவள் என்று மலைத் தாலுகாக்களில் ஏழை உழவர்களைத் திரட்டும் வேலையில் இருந்தவர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். கிராமத்துப் பெண்களே சேகரிப்பாளர்கள் ஆனார்கள். 1,000க்கும் மேற்பட்ட ஊர்கள், 3,302 பாடகர்கள், 1,00,000க்கும் மேற்பட்ட பாட்டுகள். பிறகு பெர்னார்ட் பெல் என்ற இசை ஆய்வாளர் சேர்ந்து ஒலிப்பதிவுகளையும் ஒழுங்குபடுத்தினார். கீ 2004இலும் ஹேமா 2010இலும் மறைந்தார்கள். பி. சாய்நாத் தொடங்கிய பாரி என்ற கிராமிய ஆவணக் காப்பகம் அந்தச் சேகரத்தைத் தன் பொறுப்பில் எடுத்து 2017 முதல் வெளியிட்டு வருகிறது.

ஒரு லட்சம் பாட்டு என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பாடியவளின் பெயர், ஊர், வயது, தொழில், பிள்ளைகள் எத்தனை என்பதுவரை பாட்டோடு சேர்த்துக் குறித்திருக்கிறார்கள். நம்மிடம் உள்ள எத்தனையோ தாலாட்டு, ஒப்பாரித் தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தால் தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடியவள் யார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஓவி சேகரத்தில் அவள் கவிஞராகவே நிற்கிறாள். சீதையின் துயரத்தைப் பாடியவளும், விட்டலனை வீட்டுக்குக் கூப்பிட்டவளும், குடிகாரக் கணவனைப் பாடியவளும், பீட் மாவட்டத்து மாஜல்காவில் அம்பேத்கரைத் தன் அண்ணனாகவே நினைத்துப் பாடியவளும் பெயரோடு இருக்கிறார்கள்.

நமக்கு இது அந்நியமா என்றால் இல்லவே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூல், மகாராஷ்டிரத்துப் பெண்கள் தானியம் குத்தும்போது பாடுவது ஓவி என்கிறது. குத்தும்போது பாடும் பாட்டுக்கு நாம் வைத்த பெயர் வள்ளை. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் மூவேந்தரையும் பாடும் வள்ளைப்பாட்டு இருக்கிறது. மாணிக்கவாசகர் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்களின் வாயில் பதிகத்தையே வைத்தார். அங்கே ஞானேஸ்வரர் 1290இல் கீதைக்கு மராத்தியில் விரிவுரை பாடியபோது எடுத்துக்கொண்ட யாப்பு இந்த ஓவியேதான். இரண்டு மொழியிலும் பெரியவர்கள் கடவுளிடம் பேச உலக்கையின் தாளத்தையும் திருகையின் தாளத்தையும் பெண்களிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். நாமதேவர் வீட்டில் வேலை செய்த ஜனாபாய், தனக்குத் திருகை சுற்ற விட்டலனே வந்து உட்கார்ந்ததாகப் பாடினாள். பண்டரிபுரத்துக்குப் பக்கத்தில் கோபாள்பூரில் அவளுடைய திருகை என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள்.

தளேகாவிலிருந்து சாக்கன் போகும் சாலையில் பண்டாரா மலை வரும். மராத்திப் பக்திக் கவிஞர் துக்காராம் ஊர்ச் சத்தம் பொறுக்காமல் போய்த் தனியே இருந்த மலை. அதன் பக்கத்து சுதும்பரேயில் ஸந்தாஜி ஜக்னாடேயின் சமாதி. செக்காட்டும் குலத்தில் பிறந்த ஸந்தாஜிதான் துக்காராம் பாடப் பாட எழுதி வைத்தவர்களில் ஒருவர். துக்காராமின் ஏடுகளை இந்திராயணி ஆற்றில் எறிய வைத்தார்கள், பதின்மூன்று நாள் கழித்து அவை நனையாமல் மிதந்து வந்தன என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. ஏடு ஆற்றோடு போனாலும் ஊரார் வாயில் பாட்டு இருந்தது, அவர்கள் சொல்லச் சொல்ல மறுபடி எழுதிக்கொண்டார்கள் என்று அதற்குப் பொருள் சொல்வோரும் உண்டு. எனக்கு அந்தப் பொருள் பிடித்திருக்கிறது. ஒவ்வோர் ஆஷாடத்துக்கும் தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்குப் பல்லக்கோடு நடக்கிறார்களே, அந்த வாரகரிகளின் கூட்டம்தான் அந்தக் கவிதையின் முதல் ஏடு.

துக்காராமை இங்கிலீஷ்காரர்களும் விட்டு வைக்கவில்லை. 1869இல் பம்பாய் அரசின் பணத்தில் அவருடைய பாட்டுகள் தொகுத்து அச்சிடப்பட்டன. 1909 தொடங்கி ஃப்ரேஸரும் மராட்டேயும் மூன்று தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். 1930இல் எரவாடா சிறையில் இருந்த காந்தி, மீராபென்னுக்காக ஆசிரம பஜனைப் பாட்டுகளை ஆங்கிலமாக்கியபோது துக்காராமும் அதில் இருந்தார். புனேயில் வாழ்ந்து மறைந்த கவிஞர் திலீப் சித்ரே வாழ்நாளின் பெரும்பகுதியை துக்காராமுக்குக் கொடுத்து 1991இல் வெளியிட்ட தொகுப்பு, உலகம் அந்தக் கவிஞரைப் படிக்கும் வாசலாயிற்று. சித்ரேயின் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர் மராத்தியில் பிறந்து வளர்ந்தவர், தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஆங்கிலத்திலிருந்து நாம் தமிழுக்கு எடுப்பதுதான் தவறு.

தமிழுக்கு துக்காராம் வந்த வழி வேறு. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் அவர் பாட்டு காவிரிக்கரைக்கு வந்தது. மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்த பஜனை முறையில் அபங்கம் என்ற அந்தப் பாட்டு வடிவத்துக்கு இடம் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மராத்திக் கீர்த்தனக்காரர்களின் கதை சொல்லும் முறையைக் கேட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்க் கதாகாலட்சேபத்தைப் புதிதாக்கினார். சாகி, திண்டி, ஓவி என்ற மராத்தி மெட்டுகள் நம் பாகவதர்கள் நாவில் ஏறின. 1938இல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ எடுத்த படத்தில் முசிறி சுப்பிரமணிய அய்யர் துக்காராமாகவே வந்து பாடினார். இன்று மார்கழிக் கச்சேரியில் அருணா சாயிராம் அபங்கம் எடுத்தால் சபையே கைதட்டி ஆடுகிறது.

வந்தது நாதம். பொருள் வந்ததா? கும்பகோணத்துப் பஜனை மடத்தில் சிறுவயதில் நானும் தாளம் தட்டிப் பாடியிருக்கிறேன். வாய்ப்பாடம். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்து, பஞ்சத்தில் மனைவியைப் பறிகொடுத்து, கடன் பத்திரங்களை ஆற்றில் விட்ட ஒரு கடைக்காரன் ஆண்டவனோடு போட்ட சண்டை அது என்று தளேகாவ் வந்த பிறகுதான் தெரிந்தது. பக்தியில் நாங்கள் குறை வைக்கவில்லை. ஆனாலும் முப்பது வருடம் ஒரு மனிதரின் பாட்டைப் பாடிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று கேட்காமல் இருந்திருக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்று அதே தஞ்சை மண்ணில் நடந்தது. மராத்தி லாவணி. டப்பைத் தட்டிக்கொண்டு கேள்வியும் பதிலுமாகப் பாடும் அந்த வடிவத்தை நம் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாசி மாதக் காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். சிவன் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று மறு கட்சி. விடிய விடிய வாதம், எல்லாம் பாட்டு. ஒரு வரியைக்கூட யாரும் மராத்தியிலிருந்து மொழிபெயர்க்கவில்லை. வடிவத்தையே தமிழாக்கிவிட்டார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி அந்தப் பக்கமிருந்து கை நீட்டினார். நம் குறவஞ்சியை எடுத்து, குறத்தி உலகத்தின் பூகோளத்தையே சொல்வதாக, மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி எழுதினார். அரசனும் செய்தான், ஊராரும் செய்தார்கள். ஊரார் செய்ததுதான் இன்றுவரை நின்றது. கூட்டமாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட கவிதைக்கு ஆயுசு அதிகம்.

மொழி கற்று மொழிபெயர்த்தவர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சானே குருஜி. 1930இல் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கிக் கைதானவர். துளே சிறையில் இருந்தார், பிறகு திருச்சிச் சிறைக்கு மாற்றினார்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில் அடைத்து வைத்த மனிதர், கூட இருந்த கைதிகளிடம் தமிழ் படித்தார். படித்துத் திருக்குறளை மராத்திக்குக் கொண்டுபோனார். தாயைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை மராத்தி வீடுகளில் அழாமல் படித்தவர் குறைவு. 1947 மே மாதம், பண்டரிபுரம் கோயில் தலித் மக்களுக்குத் திறக்க வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்து திறக்கவும் வைத்தார். பண்டரிபுரத்து விட்டலனை வாரகரிகள் ‘மாவுலீ’, அம்மா, என்று கூப்பிடுவார்கள். ஆண்தெய்வத்தை அம்மா என்பதை ஆங்கிலத்துக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது. திருச்சிக்காரரிடம் தாயுமானவர் என்று சொன்னால் போதும், மலைக்கோட்டையைக் காட்டுவார்.

தமிழுக்கு 2004இலும் மராத்திக்கு 2024இலும் செம்மொழித் தகுதி கிடைத்தது. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023 முதல் மொழிபெயர்ப்புக்கு நல்கை தருகிறது. நல்ல காரியம், நடக்கட்டும். ஆனால் நல்கை புத்தகத்துக்குப் போகிறது. ஓவி புத்தகத்தில் பிறந்ததல்ல. அதைக் கொண்டுவர ஓர் ஒப்பந்தமும் ஒரு தொகையும் கொடுத்து ஒருவரிடம் ஒப்படைத்தால் நான் செய்த தவறையே அவரும் செய்வார். லண்டனில் சாரா மக்வயர் என்ற கவிஞர் 2004இல் ஒரு கவிதை மொழிபெயர்ப்பு மையம் தொடங்கினார். அங்கே மூலமொழி தெரிந்த ஒருவர் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக் கொடுக்க, வந்திருக்கும் பொதுமக்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கவிதையை இரண்டு மணி நேரம் பேசிப் பேசி ஆங்கிலமாக்குகிறார்கள். சோமாலியக் கவிதையும் சூடானியக் கவிதையும் அங்கே அப்படித்தான் வந்தன. அவ்வளவு தூரத்து மொழிகளுக்கு அது முடிகிறதென்றால், தாய்வீடு என்ற சொல்லைப் பொதுவில் வைத்திருக்கும் இரண்டு மொழிகளுக்கு எவ்வளவு சுலபம்.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. தேஹு ரோட்டில் படைத்தளவாடக் கிடங்கை நம்பி இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தெருவில் மராத்தி, வீட்டில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள். சாக்கன், தளேகாவ் தொழிற்பேட்டைகளுக்கு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், தளேகாவில் இருக்கும் கார் ஆலை ஒன்றையும் வாங்க 2023இல் ஒப்பந்தம் போட்டது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கலும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு பாட்டைத் தமிழாக்கலாம். தளேகாவ் இதற்குப் பொருத்தமான ஊர். துக்காராமை நாவலாக்கிய கோ. நீ. தாண்டேகர் வாழ்ந்த ஊர். அவர் எழுதியதில் பாதி, கால்நடையாக ஊர் ஊராய்ச் சுற்றி மக்களிடம் கேட்டது.

இது அவசரமும்கூட. மாவு மில் வந்ததோடு திருகை ஓய்ந்தது. திருகை ஓய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பெண்களின் தோள் வலி எனக்குத் தெரியாது. பாட்டு தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். பதிவான பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஒரு சொல்லுக்குக் கையைக் காட்டி விளக்குவதற்கு ஆள் வேண்டுமே.

நாங்கள் சின்ன அளவில் தொடங்கியிருக்கிறோம். ஆஜி, அவர் பேத்தி, தேஹு ரோட்டிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அவளுடைய அம்மா, நான். ஐந்து பேர். துளசித் தொட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திருகையை நடுவில் போட்டுக்கொள்கிறோம். அரைக்க ஒரு பிடி கேழ்வரகு. கல் சுற்றாவிட்டால் ஆஜிக்குப் பாட்டு வருவதில்லை. முதல் நாளே அந்த மாணவி ஒரு சிக்கலைக் கிளப்பினாள். அடிக்கு அடி நடுவே ‘பாயீ’ என்று வருகிறதே, பெண்ணே என்று எழுதுவதா, அக்கா என்பதா, விட்டுவிடுவதா? அவளுடைய அம்மா திருகை முளையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே ‘ஏலேலோ’ மாதிரி, ‘ஏ புள்ள’ மாதிரி என்று இரண்டு மூன்று சொல்லிப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போன கை அது. கடைசியில் ‘அடியம்மா’ கல்லின் சுற்றுக்குச் சரியாக உட்கார்ந்தது. ஆஜிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு அவரே ‘அடியம்மா’ என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

‘மாஹேர்’ வந்த பாட்டைத்தான் முதலில் முடித்தோம். இப்போது அது தாய்வீடு. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பாட்டு ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ஆஜியின் பெயரை மராத்தியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறோம். ஆறாவது பாட்டு பாதியில் நிற்கிறது. இரண்டாவது அடி அவருக்கு மறந்துவிட்டது. காம்ஷேத்தில் இருக்கும் அக்காவிடம்தான் அதைக் கற்றுக்கொண்டாராம். வருகிற வாரம் போய்க் கேட்டு வருகிறேன் என்றிருக்கிறார். நோட்டில் அரைப் பக்கம் விட்டு வைத்திருக்கிறோம்.